கைடு மட்டும் போதாது: சென்னையில் வேதியியல் பிஎச்டி தொடங்குபவர்களுக்கு

எம்எஸ்சி வேதியியல் முடித்துவிட்டு பிஎச்டிக்காகச் சென்னை வருகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த கைடுகிட்ட சேரலாம்?" என்றுதான். நியாயமான கேள்வி. ஆனால் ஒரே ஒரு மனிதரின் நல்ல மனதையும் ஓய்வு நேரத்தையும் நம்பி ஐந்து வருடம் ஓட்டிய காலம் போய்விட்டது. இன்று கோர்ஸ் ஒர்க், ஆலோசனைக் குழு, அரையாண்டு அறிக்கை, காம்ப்ரிஹென்சிவ் வைவா (வாய்மொழித் தேர்வு), சினாப்சிஸ் (தீசிஸின் சுருக்கம்) என்று படிப்படியாக வகுத்த பயிற்சி எல்லா இடத்திலும் இருக்கிறது. குறைந்தபட்சம் காகிதத்தில் இருக்கிறது. பெரும்பாலான ஸ்காலர்கள் இவற்றைக் கையெழுத்து வாங்கும் சடங்காகக் கடந்து போகிறார்கள். அங்கேதான் நஷ்டம். உங்கள் வேலையை கைடைத் தவிர இன்னொருவர் உட்கார்ந்து பார்க்கும் சந்தர்ப்பங்கள் இவை மட்டும்தான். அவற்றை எப்படிப் பயன்படுத்திக்கொள்வது என்று வரிசையாகப் பார்ப்போம்.

சேருவதற்கு முன்

சென்னையில் ஒரு வசதி உண்டு. சர்தார் படேல் சாலையை ஒட்டியே ஐஐடி மெட்ராஸ், அண்ணா பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம், மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனமான சிஎல்ஆர்ஐ எல்லாம் இருக்கின்றன. ஒரே நாளில் நான்கையும் சுற்றிப் பார்த்துவிடலாம். இவை தவிர மாநிலக் கல்லூரி, லயோலா, தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி, நகரைச் சுற்றியுள்ள தனியார் பல்கலைக்கழகங்கள் என்று பட்டியல் நீளும்.

ஆனால் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் விதிகள் வேறு வேறு. ஐஐடிக்கு அதன் செனட் வகுத்த விதிமுறை. சிஎல்ஆர்ஐயில் சேருகிறவர்களில் பலர் அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றமான சிஎஸ்ஐஆரின் கல்வி அமைப்பான ஏசிஎஸ்ஐஆர் வழியாகப் பதிவு செய்கிறார்கள். அங்கே கோர்ஸ் ஒர்க்கோடு, எளிய மக்களின் வாழ்க்கைக்குப் பயன்படும் தலைப்பில் ஒரு திட்ட வேலையும் செய்தாக வேண்டும். பல்கலைக்கழகங்களும் அவற்றோடு இணைந்த கல்லூரிகளும் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 விதிமுறைகளுக்குள் வருகின்றன. விண்ணப்பிக்கும் முன்பே அந்தந்த நிறுவனத்தின் பிஎச்டி விதிமுறைக் கோப்பை இறக்கி முழுதாகப் படித்துவிடுங்கள். முப்பது நாற்பது பக்கம் இருக்கலாம். ஐந்து வருடம் அந்தக் கோப்புக்குள்தான் வாழப் போகிறீர்கள்.

தகுதித் தேர்வைப் பொறுத்தவரை சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் (NET) தேர்வும் கேட் (GATE) தேர்வும்தான் பிரதான வாசல்கள். நெட் வேதியியல் தாளில் 120 கேள்விகள் இருக்கும், 75-க்குத்தான் விடை எழுத வேண்டும், மொத்தம் 200 மதிப்பெண். இதில் பாதி, அதாவது 100 மதிப்பெண், சி பகுதியின் 25 கேள்விகளில் இருக்கிறது. அதனால் ஏ, பி பகுதிகளில் எல்லாக் கேள்வியையும் முட்டி மோதிவிட்டு சி-க்கு நேரமில்லாமல் தவிக்காதீர்கள். 2024 முதல் நெட் முடிவுகள் மூன்று வகையாக வருகின்றன: ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை), உதவிப் பேராசிரியர் தகுதியோடு பிஎச்டி சேர்க்கை, பிஎச்டி சேர்க்கை மட்டும். பின்னால் உள்ள இரண்டிலும் உதவித்தொகை கிடையாது. அப்படித் தேறியவர்கள் சேருமிடத்தில் வேறு நிதி இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை.

கைடைத் தேர்ந்தெடுப்பது

ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். முதலில் இரண்டு எளிய விஷயங்களைச் சரிபாருங்கள். ஒன்று, இடம் காலியாக இருக்கிறதா? யுஜிசி விதிப்படி ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் வழிகாட்டலாம். இன்னொன்று, ஓய்வு எப்போது? பணி ஓய்வுக்கு மூன்று வருடத்துக்கும் குறைவாக இருப்பவர் புதிய மாணவரைச் சேர்க்கக் கூடாது என்பது விதி. நான்கு வருடம் மீதியிருக்கும் ஒருவரிடம் சேருவது தவறில்லை. அதற்குப் பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதை மட்டும் அவர் வாயாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் லேபுக்குப் போங்கள். முதல் வருட ஸ்காலரிடம் கேட்டால் எல்லாம் அருமை என்பார். நாலாவது, ஐந்தாவது வருடத்தில் இருப்பவரை கேண்டீனுக்கு அழைத்துப் போய் ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள். கடைசியாக இந்த லேபில் தீசிஸ் கொடுத்தவருக்கு எத்தனை வருடம் ஆனது? சார் கையெழுத்துப் பிரதியைத் திருத்தித் தர எவ்வளவு நாள் எடுப்பார்? கெமிக்கல் ஆர்டர் போட்டால் எப்போது வரும்? பாதியில் விட்டுப் போனவர்கள் உண்டா? இந்த நாலு கேள்விக்கு வரும் பதிலும், பதிலுக்கு முன் வரும் மௌனமும், எந்த வெப்சைட்டிலும் கிடைக்காது.

நச்சுப் புகையை வெளியேற்றும் ஃபியூம் ஹூடைத் திறந்து பாருங்கள். அதற்குள் பழைய பாட்டில்கள் குடோன் மாதிரி அடுக்கியிருந்தால் அந்த லேபின் பாதுகாப்பு எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று புரிந்துவிடும்.

பணம்

2023 ஜனவரி 1 முதல் ஜேஆர்எஃப் மாதம் 37,000 ரூபாய், எஸ்ஆர்எஃப் (முதுநிலை உதவித்தொகை) 42,000 ரூபாய். ஹாஸ்டலில் இடம் தரவில்லை என்றால் வீட்டு வாடகைப் படி தனி. முதல் இரண்டு வருடம் ஜேஆர்எஃப். அதன்பின் ஒரு குழு உங்கள் வேலையை மதிப்பிட்டு எஸ்ஆர்எஃப் ஆக்கும். அந்தக் குழுவில் வெளி நிபுணர் ஒருவர் இருக்க வேண்டும். அவருடைய தேதி கிடைப்பதற்கே சில மாதம் ஆகலாம் என்பதால் இரண்டாம் வருடம் முடியும் வரை காத்திருக்காமல் முன்னதாகவே கைடுக்கு நினைவுபடுத்துங்கள்.

சேர்ந்த உடனே பணம் வந்துவிடும் என்று நம்பி வேளச்சேரியில் அட்வான்ஸ் கொடுத்து வீடு பிடிக்காதீர்கள். சேர்க்கை அறிக்கை, வங்கிக் கணக்கு, துறைத்தலைவர் கையெழுத்து எல்லாம் சுற்றி வர நாளாகும். சில மாதத்துக்கான செலவைக் கையில் வைத்துக்கொண்டு வருவது நல்லது. ஃபெல்லோஷிப்போடு வரும் கன்டிஞ்சன்சி (இதரச் செலவு) தொகை உங்கள் ஆராய்ச்சிக்கானது. எப்படிச் செலவாகிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தன்மையாகக் கேளுங்கள், ஆனால் கேளுங்கள்.

முதல் வருடம்: கோர்ஸ் ஒர்க்

யுஜிசி விதிப்படி குறைந்தது 12 கிரெடிட். ஆராய்ச்சி முறையியல் ஒரு தாள், ஆய்வு மற்றும் வெளியீட்டு நெறிகள் பற்றி 2 கிரெடிட் தாள், மீதி பாடம் சார்ந்தவை. 55 சதவீதம் எடுத்தால்தான் தொடர முடியும்.

"கோர்ஸ் ஒர்க் முடிஞ்சா போதும், லேபுக்குப் போகலாம்" என்பதுதான் பொதுவான மனநிலை. என் அபிப்பிராயம் நேர் எதிர். பிஎச்டியில் சேர்ந்தபின் அடிப்படையைத் திரும்பப் படிக்க அனுமதி கிடைக்கும் ஒரே காலம் இது. கைடு சொல்லும் எளிதான தாளை எடுக்காமல், உங்களுக்கு வராத ஒன்றை எடுங்கள். கரிம வேதியியல் ஆள் என்றால் நிறமாலையியல் அல்லது புள்ளியியல். கனிம வேதியியல் ஆள் என்றால் படிகவியல். கணக்கீட்டு வேதியியல் தாள் இருந்தால் யாராக இருந்தாலும் எடுக்கலாம். டிஎஃப்டி என்ற கணினிக் கணக்கு இல்லாத பேப்பரை, அதை மதிப்பிடும் ரெஃப்ரீ "இதையும் சேருங்கள்" என்று திருப்பி அனுப்பும் காலம் இது.

குழுவை உங்களுடையதாக்குங்கள்

பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சி ஆலோசனைக் குழு, ஐஐடியிலும் அண்ணா பல்கலைக்கழகத்திலும் டாக்டரல் கமிட்டி. பேச்சு வழக்கில் 'டிசி மீட்டிங்'. யுஜிசி விதியில் ஒவ்வொரு செமஸ்டரும் இந்தக் குழுவின் முன் நீங்கள் நேரில் பேசி, சுருக்கமான அறிக்கையும் தர வேண்டும். முன்னேற்றம் போதாது என்றால் காரணத்தை எழுதி, என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது குழுவின் கடமை.

நடைமுறையில் என்ன நடக்கிறது? மீட்டிங்குக்கு முந்தின ராத்திரி ஸ்லைடு போடுவோம். வெற்றியடைந்த ரியாக்‌ஷன்களை மட்டும் காட்டுவோம். இருபது நிமிடத்தில் "குட், கன்டினியூ" என்று கையெழுத்து வரும். சமோசா, காபி, முடிந்தது. ஆறு மாதத்தின் சிக்கல் எதுவும் அந்த அறைக்குள் வரவே இல்லை.

இதை மாற்ற உங்களால் முடியும். உறுப்பினர்களை முடிவு செய்யும்போதே கைடிடம் பேசுங்கள். ஒருவராவது உங்கள் பிரதானக் கருவியை நன்றாக அறிந்தவராக இருக்கட்டும். ஒளிவேதியியல் செய்கிறீர்கள் என்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் அதிவேக நிகழ்வுகளுக்கான தேசிய மையமே இருக்கிறது. அந்த வட்டாரத்திலிருந்து ஒருவரைக் கேட்கலாம். மீட்டிங்குக்கு ஒரு வாரம் முன்பே இரண்டு பக்கக் குறிப்பை எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். அதில் "எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறேன்" என்று ஒரு பத்தி கட்டாயம் இருக்கட்டும். ஸ்லைடில் தோற்ற ரியாக்‌ஷன்களின் அட்டவணை ஒன்று: என்ன வினையூக்கி, என்ன கரைப்பான், என்ன வெப்பநிலை, டிஎல்சி என்ற மெல்லடுக்குச் சோதனையில் என்ன தெரிந்தது. மூத்த வேதியியலாளர்கள் வெற்றிக் கதையில் தூங்கிவிடுவார்கள். தோல்வி அட்டவணையைப் பார்த்தால் நிமிர்ந்து உட்காருவார்கள். "அந்த பேஸை மாத்திப் பாத்தியாப்பா?" என்று ஒரு வரி வரும். சமயத்தில் அந்த ஒரு வரி நான்கு மாதத்தை மிச்சப்படுத்தும்.

மீட்டிங் முடிந்ததும் யார் என்ன சொன்னார் என்று எழுதி, அன்றைக்கே எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். அடுத்த மீட்டிங்கின் முதல் ஸ்லைடு இதுதான்: போன தடவை சொன்னது, இந்தத் தடவை செய்தது. கைடோடு கருத்து வேறுபாடு வந்தாலோ, கைடு வெளிநாடு போய்விட்டாலோ, உங்களுக்காகப் பேச அந்த அறையில் ஆள் இருப்பார்கள். கைடுக்கு இதனால் சங்கடம் வருமா என்றால், நல்ல கைடுக்கு வராது. வரும் இடத்தில் குழு இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது.

லேபில்: சென்னையின் வெயிலும் ஈரமும்

பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் குளிர் நாடுகளில் எழுதப்பட்டவை. சென்னைக்கு என்று சில விஷயங்கள் உண்டு.

மே மாதம் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் வெந்நீர்தான். டைஎத்தில் ஈதரின் கொதிநிலை 34.6 டிகிரி, டைகுளோரோமீத்தேன் சுமார் 40. கரைப்பானை ஆவியாக்கிப் பிரிக்கும் ரோட்டாவின் கண்டென்சரில் அந்தத் தண்ணீரை ஓட்டினால் கரைப்பான் குளிர்ந்து சேராது. நேராக பம்புக்கும் உங்கள் மூக்குக்கும் போகும். சில்லர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஐஸ் போட்ட வாளியில் சின்ன பம்பை வைத்துத் தண்ணீரைச் சுழல விடுங்கள். 2019 தண்ணீர்ப் பஞ்சத்தைப் பார்த்த ஊரில் கண்டென்சருக்கு ராத்திரி முழுக்கக் குழாயைத் திறந்து வைப்பது எப்படியும் நியாயமில்லை.

ஈரப்பதம் அடுத்த எதிரி. திறந்து வைத்த சிலிக்கா ஜெல்லும் டிஎல்சி தகடும் ஈரத்தை உறிஞ்சி, நேற்று வந்த ஆர்எஃப் மதிப்பு (தகட்டில் சேர்மம் ஏறும் தூரத்தின் அளவு) இன்று வராது. தகடுகளை அவனில் வைத்து எடுத்து டெசிகேட்டரில் வையுங்கள். டிஹெச்எஃப் என்ற கரைப்பானை சோடியம்-பென்சோஃபீனோன் மேல் காய்ச்சினால் கரைசல் அடர் நீலமாகும் வரை பொறுங்கள்; வெளிர் நீலத்தில் அவசரப்பட்டு வடித்து எடுத்தால் வினை தோற்றபின் காரணம் தேடி அலைவீர்கள். ஒருபோதும் முழுதாக வற்ற விடாதீர்கள். பெராக்சைடு ஆபத்து ஈதருக்கும் டிஹெச்எஃப்புக்கும் உண்டு. பாட்டிலில் திறந்த தேதியை எழுதுவது முதல் நாளே பழக வேண்டிய வேலை.

வடகிழக்குப் பருவமழை வருவதற்கு முன், அக்டோபரிலேயே ஒரு வேலை இருக்கிறது. தரைத்தள லேபில் கீழ்த்தட்டில் தண்ணீர் பட்டால் ஆபத்தான சோடியம், லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடு, கால்சியம் ஹைட்ரைடு இருந்தால் மேலே ஏற்றுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த யாரும் இதைக் கேலி செய்ய மாட்டார்கள். அடுத்த வருடமே வர்தா புயல் மரங்களைச் சாய்த்து மின்சாரத்தைத் துண்டித்தது, 2023-இல் மிக்ஜாம். புயல் எச்சரிக்கை வந்தால் ஆளில்லாமல் ராத்திரி ரிஃப்ளக்ஸ் (தொடர்ந்து கொதிக்கவிடும் வினை) ஓட்டாதீர்கள். கரண்ட் போனால் கலக்கி நிற்கும், குளிர்நீர் நிற்கும், சூடு மட்டும் கொஞ்ச நேரம் நிற்காது.

உடை பற்றி ஒரு வார்த்தை. வியர்க்கிறது என்று லேப் கோட்டைக் கழற்றுவது இங்கே சகஜம். 2008 டிசம்பரில் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸின் பல்கலைக்கழக லேப் ஒன்றில், டெர்ட்-பியூட்டைல் லித்தியத்தை சிரிஞ்சில் எடுத்த 23 வயது ஆராய்ச்சி உதவியாளரின் சிரிஞ்ச் கழன்று தீப்பற்றியது. அவர் லேப் கோட் போட்டிருக்கவில்லை. போட்டிருந்த செயற்கை இழை ஸ்வெட்டர் எரிந்தது. பதினெட்டு நாள் கழித்து இறந்துபோனார். பருத்தி லேப் கோட், மூடிய ஷூ, பின் செய்து உள்ளே செருகிய துப்பட்டா. பாலியெஸ்டர் சட்டையைக் கல்யாணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கழிவுக் கேன்கள் தனித்தனி: குளோரின் உள்ள கரைப்பான்கள் ஒன்றில், இல்லாதவை ஒன்றில், அமிலம் வேறு. நைட்ரிக் அமிலத்தைக் கரிமக் கழிவில் கொட்டுவது வெடிவிபத்துக்கு நேர்வழி. முதல் வாரத்திலேயே தீயணைப்பான், கண் கழுவும் குழாய், மெயின் சுவிட்ச் எங்கே என்று சீனியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கருவிகளும் நோட்டும்

உங்கள் நிறுவனத்தில் இல்லாத கருவிக்கு ஐஐடி மெட்ராஸிலுள்ள சைஃப் என்ற பொதுக் கருவி மையத்தை அணுகலாம். வெளி நிறுவன மாணவர்களும் கட்டணம் கட்டி என்எம்ஆர், ஒற்றைப் படிக எக்ஸ்ரே போன்றவற்றை எடுக்க முடியும். வரிசை இருக்கும். அதனால் சாம்பிளைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்லாட் தேடாமல், ஸ்லாட்டை மனதில் வைத்துக்கொண்டு வினையைத் திட்டமிடுங்கள். படிகத்தை வடிகட்டிக் காயவைத்துக் கொண்டு போகாதீர்கள், தாய்க்கரைசலோடு கொடுங்கள். காய்ந்தால் சில படிகங்கள் கரைப்பானை இழந்து தூளாகிவிடும்.

லேப் நோட்டை அன்றன்றைக்கு எழுதுங்கள். எடை, அளவு, பாட்டிலின் லாட் எண், நிறம் மாறிய நேரம், அன்று மழையா என்பது உட்பட. ரா டேட்டாவை கருவியின் கணினியிலேயே விட்டுவிட்டு வராமல் தேதியும் நோட்டுப் பக்க எண்ணும் போட்ட பெயரில் இரண்டு இடத்தில் சேமியுங்கள். தீசிஸ் எழுதும்போது கார்பன் என்எம்ஆர் ஒன்று காணாமல் போய், மூன்று வருடத்துக்கு முன் செய்த சேர்மத்தை மறுபடி தயாரிக்கும் ஸ்காலர்கள் எல்லா லேபிலும் உண்டு.

காம்ப்ரி, பேப்பர், தீசிஸ்

காம்ப்ரிஹென்சிவ் என்றால் பலருக்கு வயிற்றைக் கலக்கும். கேட்பது பெரும்பாலும் எம்எஸ்சி அடிப்படைதான்: இந்த பீக் ஏன் டபுளட், இந்த நிலை ஏன் நிலையானது, இந்த வழிமுறையை எப்படி நிரூபிப்பாய். உங்கள் தலைப்பைச் சுற்றி மூன்று அடுக்கு "ஏன்" வரை போய்ப் பாருங்கள். சீனியர்களை வைத்து ஒரு மாதிரி வைவா நடத்திக்கொண்டால் பாதி பயம் போய்விடும்.

யுஜிசி 2022 விதிகளில் பேப்பர் வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் நிறுவனங்கள் தங்கள் விதியில் வைத்திருக்கலாம். வேலைச் சந்தையோ எப்போதும் கேட்கும். ஏற்கத்தக்க ஜர்னல்களைச் சொன்ன யுஜிசி-கேர் பட்டியலும் 2025-இல் கைவிடப்பட்டதால், நல்ல ஜர்னல் எது என்று பார்க்கும் பொறுப்பு இனி உங்களுடையது. உங்கள் துறையின் பெரியவர்கள் எதில் எழுதுகிறார்கள் என்று பாருங்கள். "ஏழு நாளில் ஏற்பு" என்று மின்னஞ்சல் அனுப்பும் ஜர்னலை நேராகக் குப்பையில் போடுங்கள். அரசு நிறுவனங்களில் இருப்பவர்களுக்கு 2025 ஜனவரி முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் ஏராளமான ஜர்னல்கள் திறந்திருக்கின்றன.

ஏற்கெனவே வெளியான எழுத்தோடு ஒத்துப்போதல் 10 சதவீதத்தைத் தாண்டினால் யுஜிசியின் 2018 விதிப்படி சிக்கல் தொடங்குகிறது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். வேதியியலில் செய்முறைப் பகுதிகள்தான் மாட்டிவிடும், ஏனென்றால் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் எழுதுகிறோம். அதனால் அத்தியாயங்களைக் கடைசி வருடத்தில் ஒட்டாமல், ஒவ்வொரு வேலை முடிந்ததும் சொந்த வாக்கியத்தில் எழுதி வையுங்கள்.

கால அளவு குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு. மறுபதிவில் இன்னும் இரண்டு வருடம் கிடைக்கலாம். பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் இரண்டு வருடம். பெண்களுக்குக் குழந்தைப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பு 240 நாள் வரை உண்டு. அவர்கள் கல்யாணமாகி வேறு ஊர் போக நேர்ந்தால் ஆய்வுத் தரவுகளோடு வேறு நிறுவனத்துக்கு மாறவும் இடமிருக்கிறது. இதெல்லாம் யாரும் தரும் சலுகை இல்லை, விதி. விண்ணப்பத்தில் விதி எண்ணைக் குறிப்பிட்டே கேளுங்கள்.

சினாப்சிஸ் மீட்டிங்குக்குப் போகும்போது அதுவரை நடந்த எல்லா டிசி குறிப்புகளையும் ஒரே கோப்பாக எடுத்துப் போங்கள். தீசிஸைக் குறைந்தது இரண்டு வெளித் தேர்வாளர்கள் படிப்பார்கள். சமர்ப்பித்த ஆறு மாதத்துக்குள் வைவா வரை முடிய வேண்டும் என்பது யுஜிசி விதி. ஆராய்ச்சிப் பிரிவு அலுவலகத்தில் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று மாதம் ஒருமுறை நேரில் போய்க் கேளுங்கள். காப்புரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டிய வேலை ஏதாவது தீசிஸில் இருந்தால், அதைச் சமர்ப்பிப்பதற்கு முன்பே கைடிடம் பேசி விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். மதிப்பீடு முடிந்தபின், பட்டம் அறிவிப்பதற்கு முன்பே மின்பிரதி ஷோத்கங்கா என்ற இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்துக்குப் போய்விடும். அதற்குப் பிறகு அதை எல்லோரும் படிக்கலாம்.